கிராமத்தில் காசு ஏன் நிற்பதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமப் பொருளாதாரம் பற்றிப் பேச யார் கூப்பிட்டாலும் போய்விடுகிற ஆள் நான். பேச்சு முடிந்ததும் கேள்விகள் வரும். இடம் மாறும், கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மட்டும் மாறாது. வாயால் சொன்னதையே ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்களின் பேச்சை அப்படியே விட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டிய இடத்தில் கேள்வி எண்ணை மட்டும் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் குழப்பம் இருக்காது.

1. கிராமப் பொருளாதாரம்னா விவசாயம்தானே? இதுல தனியா என்ன இருக்கு?

விவசாயம் அதில் ஒரு பங்கு. ஒரு வீட்டின் வரவைப் பிரித்துப் பாருங்கள். சொந்த நிலத்தில் கொஞ்சம், அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்க் கொஞ்சம், ஆடு மாட்டில் கொஞ்சம், நகரத்துக்குப் போன பிள்ளை அனுப்புவது கொஞ்சம். ஒன்று சறுக்கினால் இன்னொன்று தாங்கும் என்றுதான் இப்படிப் பல காலில் நிற்கிறார்கள். நிலமே இல்லாத வீட்டுக்கு விவசாயம் என்றால் கூலி மட்டும்தான். விளைபொருள் விலை ஏறினால் நிலம் உள்ளவர் சிரிப்பார், வாங்கிச் சாப்பிடும் கூலிக்காரருக்குச் செலவு ஏறும். 'கிராமத்து மக்கள்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் முதலில் தடுக்கி விழுகிறார்கள்.

அளவு பிடிபட இரண்டு விஷயம். உலகில் 60 கோடிக்கும் மேற்பட்ட பண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் 84 விழுக்காடு 2 ஹெக்டேருக்கும் சிறியவை. அவற்றின் கையில் இருப்பது விளைநிலத்தில் சுமார் 12 விழுக்காடு; உலகத்துக்கான உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதே சமயம், கடும் வறுமையில் இருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் இருக்கிறார்கள் என்பது உலக வங்கியின் கணக்கு. உழைப்பும் விளைச்சலும் அங்கே இருக்க, காசு மட்டும் ஏன் இல்லை? இனி வரும் எல்லாக் கேள்வியும் இதைச் சுற்றித்தான்.

2. சார், மகசூல் நல்லா வந்த வருஷம்தான் எங்களுக்கு அடி விழுது. இது என்ன கணக்கு?

பழைய கணக்கு. இங்கிலாந்தில் 1699-லேயே சார்லஸ் டேவனன்ட் என்பவர் ஒரு பட்டியல் அச்சிட்டார். கிரெகரி கிங் என்பவர் பெயரால் அது அறியப்படுகிறது. தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதி குறைந்தால் விலை ஐந்தரை மடங்காகும் என்கிறது அது. பெருக்கிப் பாருங்கள்: 100 மூட்டை விற்ற இடத்தில் 90 மூட்டை விற்று, மூட்டைக்கு 1.3 மடங்கு விலை வாங்கினால் வரவு 117. குறைந்த விளைச்சல், கூடுதல் பணம்! மனிதன் வயிறு ஓரளவுக்குத்தான் கொள்ளும். மலிவாகிவிட்டது என்று யாரும் இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை. அதனால் சரக்கு கொஞ்சம் மிகுந்தாலே விலை தலைகுப்புற விழுகிறது. உங்கள் நல்ல மகசூல் உங்கள் ஒருவருடையதாக மட்டும் இருந்திருந்தால் லாபம்தான். மழை எல்லோருக்கும் பெய்ததுதான் சிக்கல்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. போன பருவத்தில் விலை ஏறிய பயிரையே எல்லோரும் இந்தப் பருவத்தில் போடுவார்கள், அறுவடையில் சரக்கு குவியும், விலை சரியும், அடுத்த பருவத்தில் எல்லோரும் கைவிடுவார்கள், மறுபடி விலை ஏறும். இந்த மேடு பள்ளத்தை வரைந்தால் சிலந்தி வலை போல வரும். 1934-ல் நிக்கோலஸ் கால்டார் என்ற பொருளாதார அறிஞர் அந்தப் பெயரையே அதற்கு வைத்தார். இதில் விவசாயியை முட்டாள் என்று சொல்ல எதுவுமில்லை. அவர் கையில் இருக்கும் ஒரே தகவல் போன பருவத்து விலைதான்.

3. அப்போ விலை வர்ற வரைக்கும் வெச்சிருந்து விக்க வேண்டியதுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரராக இருப்பார். அறுவடை வாரத்தை ஒரு வீட்டுக்குள் நின்று பாருங்கள். அறுத்த ஆட்களுக்குக் கூலி அன்று மாலையே கொடுத்தாக வேண்டும். இயந்திரத்துக்காரர் வரப்பிலேயே நிற்பார். உரக்கடைக் கணக்கு அறுவடைக்கு என்று சொல்லி வாங்கியது. பள்ளிக்கூடக் கட்டணம் தள்ளிப்போட்டது. அடகில் இருப்பதற்கு வட்டி கட்ட வேண்டிய தேதி வேறு. இத்தனைக்கும் பதில் அந்தக் குவியல்தான். வீட்டில் வைத்தாலோ ஈரம், எலி, பூச்சி. ஊரில் எல்லோருக்கும் அதே வாரத்தில் பணம் வேண்டும், எல்லோரும் அதே வாரத்தில் விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு அவசரமில்லை.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான்: விலையை முடிவு செய்வது யாரால் காத்திருக்க முடியும் என்பது. மேற்கு கென்யாவில் மக்காச்சோள விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அறுவடையில் மலிவாக விற்றவர்களே சில மாதம் கழித்து அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அறுவடை நேரத்தில் அவர்களுக்கு ஒரு சிறு கடன் கொடுத்துப் பார்த்தார்கள். உடனே விற்பது குறைந்தது, சேமித்து வைத்துப் பிறகு விற்றார்கள், வரவு கூடியது. ஒரே வட்டாரத்தில் பலருக்குக் கடன் கிடைத்த இடத்தில் அறுவடைக்கால விலைச் சரிவே தணிந்தது. கடன் வாங்காத அண்டை வீட்டுக்காரருக்கும் அதில் நன்மை. விதைப்புக்கு முன் கடன் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அறுவடைக்குப் பின் கொடுக்கத்தான் ஆளில்லை.

4. இடைத்தரகரை ஒழிச்சுட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே?

பாதி சரி. தரகர் சும்மா உட்கார்ந்து தின்கிறார் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பத்து வீட்டுச் சரக்கைச் சேர்ப்பது, தரம் பிரிப்பது, வண்டி பிடிப்பது, அழுகல் நட்டத்தை ஏற்பது, கையில் காசு கொடுப்பது எல்லாம் வேலைதான். அவரை நீக்கினால் அந்த வேலையை யாராவது செய்ய வேண்டும், அதற்கும் கூலி உண்டு. அமெரிக்காவில் உணவுக்குச் செலவாகும் ஒரு டாலரில் பண்ணைக்குப் போய்ச் சேர்வது 15, 16 சென்ட்தான். மிச்சத்தைப் பதப்படுத்துதல், பொட்டலம், போக்குவரத்து, கடை, உணவகம் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன.

தகவல் இல்லாததால் வரும் நட்டம் தனி. கேரளக் கடற்கரையில் 1997 ஜனவரி 14 காலை, வடகரையில் 11 படகுகள் மத்தி மீனோடு வந்து நின்றன. வாங்க ஆளில்லை, கொட்டிவிட்டுப் போனார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் பதிவு செய்தது இது. கைப்பேசி வந்த பிறகு கடலில் இருந்தபடியே விசாரித்துக் கரை சேர்ந்தார்கள். மீன் கொட்டுவது கிட்டத்தட்ட நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 விழுக்காடு கூடியது, வாங்குபவருக்கு விலை சுமார் 4 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் எங்கே என்ன விலை என்று தெரிந்து என்ன செய்வார்? சரக்கு அவருக்குத்தான் போக வேண்டும். தரகரின் பிடி கடனில் இருக்கிறது. தராசில் இருப்பது அதன் நிழல்.

தரகர் இல்லாமல் சாதித்த பெரிய உதாரணம் பால். 1946-ல் குஜராத்தின் கைரா மாவட்டத்தில், பாலை ஒரே ஒரு நிறுவனத்துக்கே விற்க வேண்டியிருந்த நிலையை எதிர்த்து விவசாயிகள் பால் ஊற்றுவதை நிறுத்தினார்கள். திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சங்கம் பதிவானது. பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்றது. ஒற்றுமையால் வென்றார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது 1955. எருமைப் பாலைப் பொடியாக்கும் ஆலை அந்த ஆண்டு அங்குள்ள ஆனந்த் நகரில் ஓடத் தொடங்கியது. சில மணி நேரத்தில் திரிந்துபோகும் பால் அன்றிலிருந்து மாதக்கணக்கில் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. 3-ஆம் பதிலில் சொன்னதுதான், வேறு வடிவில்.

5. மாசம் நூத்துக்கு அஞ்சு வட்டின்னு வாங்குறாங்களே, இவங்களுக்குக் கணக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். மாதம் 5 என்றால் ஆண்டுக்கு 60. வட்டிக்கு வட்டி ஏறினால் 80-ஐத் தொடும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்கு மூச்சு முட்டினால் எந்த வங்கி கதவைத் திறக்கும்? வட்டிக்காரர் திறப்பார். பத்திரம் கேட்க மாட்டார், ஏனென்றால் உங்கள் அப்பாவையும் அவருக்குத் தெரியும். சிறு தொகையும் கொடுப்பார். இந்த மாதம் முடியவில்லை என்றால் திட்டிவிட்டு அடுத்த மாதம் வருவார். அந்த 5-இல் காசுக்கு வட்டி கொஞ்சம், வேகத்துக்கும் வளைந்து கொடுப்பதற்கும் விலை கொஞ்சம், வேறு போக்கிடம் இல்லை என்பதற்கு அபராதம் மீதி. கடைசிப் பங்குதான் கொள்ளை. இவரை நியாயப்படுத்துகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; இவர் செய்யும் முதல் இரண்டு வேலையையும் செய்யாத எந்தத் திட்டமும் இவரை அசைக்காது என்கிறேன்.

இதை முதலில் புரிந்து செயல்பட்டவர் ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ் ரைஃபைசன், ஒரு கிராமத் தலைவர். பணக்காரர்களின் தருமத்தை நம்பி ஆரம்பித்த சங்கங்கள் நிலைக்கவில்லை என்று கண்டு, 1864-ல் ஹெட்டஸ்டார்ஃபில் கடன் வாங்குபவர்களையே உறுப்பினர்களாக்கிச் சங்கம் அமைத்தார். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தங்கள் சொத்தோடு பொறுப்பு. ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டாரத்துக்குள் மட்டும் கடன். அதாவது வட்டிக்காரருக்கு இருந்த ஊர் அறிவைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். சென்னை மாகாண அரசு இதை ஆராய ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. 1890-களில் வந்த அவருடைய நீண்ட அறிக்கையின் சாரம் 'ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்' என்பது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தொடங்கியது. சட்டத்தை இறக்குமதி செய்தோம். ஊரில் ஒரு ரைஃபைசன் கிடைத்தாரா என்பது அந்தந்த ஊருக்குத்தான் தெரியும்.

6. குழுக் கடன் வந்த பிறகு நிலைமை மாறிடுச்சுல்ல? நோபல் பரிசெல்லாம் குடுத்தாங்களே?

1976-ல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் கொடுத்த மொத்தத் தொகை 27 டாலர். அங்கிருந்து கிராமீன் வங்கி வளர்ந்து, 2006-ல் அமைதிக்கான நோபல் பரிசு வரை போனது. ஏழைகள், முக்கியமாகப் பெண்கள், கடனைத் திருப்பிக் கட்டுவார்கள் என்று அது நிறுவிக் காட்டியது. சின்ன விஷயமில்லை.

வறுமையை அது ஒழித்ததா என்பது வேறு கேள்வி. இந்தியா, மொராக்கோ, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, போஸ்னியா ஆகிய ஆறு நாட்டு ஆய்வுகள் 2015-ல் ஒன்றாக வெளிவந்தன. ஏற்கெனவே தொழில் செய்தவர்களில் சிலர் விரிவாக்கினார்கள், செலவைச் சமாளிப்பதில் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது. சராசரி வீட்டு வருமானத்தில் பெரிய மாற்றம் எங்கும் தெரியவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. வருமானம் பருவத்துக்கு ஒருமுறை வருகிறது, தவணை வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வாரங்களை நிரப்ப இன்னொரு கடன் வாங்குகிறார்கள், சமயத்தில் 5-ஆம் பதிலில் வந்த அதே ஆளிடம்.

7. கடனைத் தள்ளுபடி பண்ணிட்டா போச்சு, இல்லையா?

மூச்சு விட உதவும், அவ்வளவுதான். இந்தியாவில் 2008-ல் அறிவித்த தள்ளுபடியில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களின் தகுதியான நிலுவை முழுதும் போனது. அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 25 விழுக்காடு. ஆய்ந்தவர்கள் முதலீடு பெருகியதாகக் காணவில்லை. கடன் கட்டும் ஒழுங்கு தளர்ந்ததைக் கண்டார்கள். தள்ளுபடி வங்கிக் கடனுக்குத்தான். கழுத்தை நெரிக்கும் கைக்கடன் அதில் வராது. குத்தகைக்காரர் பெயரில் வங்கிக் கடனே இருக்காது. மழை பொய்த்த ஆண்டில் தவணையைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு முன்கூட்டியே ஒப்பந்தத்தில் இருப்பது, தேர்தலுக்குத் தேர்தல் வரும் தள்ளுபடியைவிட எவ்வளவோ மேல்.

8. புது விதை, புது இயந்திரம்னு எல்லாம் வாங்கியாச்சு. இன்னும் இழுபறியாவே இருக்கே, ஏன்?

1958-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லர்ட் காக்ரேன் இதற்கு ஒரு படிமம் சொன்னார்: நின்ற இடத்திலேயே ஓட வைக்கும் ஓடுபொறி. புதிய முறையை முதலில் எடுப்பவருக்குச் செலவு குறையும், விலை பழைய விலையே; நல்ல லாபம். பார்த்து எல்லோரும் எடுப்பார்கள். சரக்கு பெருகி விலை இறங்கும் (2-ஆம் பதில்). இப்போது எடுத்தவர் பழைய நிலைக்கே வருவார், எடுக்காதவர் நட்டத்துக்குப் போவார். ஓடாவிட்டால் விழுவோம், ஓடினாலும் முன்னேற மாட்டோம்.

நன்மை காணாமல் போகவில்லை. மலிவான உணவாக நகரத்துக்கும், ஏறிய குத்தகையாக நில உரிமையாளருக்கும், விற்பனையாக விதை, உரம், இயந்திரம் விற்பவருக்கும் போனது. புதிய தொழில்நுட்பம் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. அதனால் மட்டும் வருமானம் கூடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார்.

9. நிலம் துண்டு துண்டா ஆயிட்டே போகுது. பெரிய பண்ணையா சேர்த்துட்டா லாபம் வருமே?

துண்டாவது உண்மை. இந்தியாவில் சராசரி நில உடைமை 1970-71-ல் 2.28 ஹெக்டேர், 2015-16-ல் 1.08. ஆனால் சிறு நிலம் என்றால் குறைந்த விளைச்சல் என்று முடிவு கட்டாதீர்கள். வளரும் நாடுகள் பலவற்றில் ஏக்கருக்கு ஏக்கர் பார்த்தால் சிறு நிலமே கூடுதலாக விளைகிறது. குடும்பமே இறங்கி உழைப்பதால். அடிபடுவது விலை பேசும் இடத்திலும் கடன் கேட்கும் இடத்திலும். உழவு இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம். பேரம் பேசும் பலத்தை வாடகைக்கு எடுக்க முடியாது; அதற்குத்தான் சங்கம்.

அளவைவிட எனக்குக் கவலை தருவது காகிதம். வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கடன், நிவாரணம், காப்பீடு எல்லாம் பட்டாவில் பெயர் உள்ளவரைத் தேடிப் போகின்றன, அவர் நகரத்தில் இருந்தாலும். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயம் உரிமையாளருக்கு. எழுதிக் கேட்டால் அடுத்த பருவம் நிலமே கிடைக்காது என்ற பயம் உழுபவருக்கு.

10. அப்போ ஊரை விட்டுப் போறதுதான் வழியா, அண்ணே?

போவது தோல்வி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேளாண்மையில் தேவைக்கு மிஞ்சி நிற்கும் உழைப்பு தொழிலுக்கு நகர்வதுதான் வளர்ச்சி என்று 1954-ல் பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் எழுதினார், 1979-ல் நோபல் பரிசும் பெற்றார். அவர் போட்ட கோட்டில் ஒரு நிபந்தனை உண்டு: நகரத்தில் வேலை பெருகிக்கொண்டே இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஊரின் வேலையின்மை நகரத்து நடைபாதைக்கு இடம் மாறுகிறது.

முழுதாகப் போவதற்கும் போகாமலே இருப்பதற்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் பசி வரும். அதற்கு 'மொங்கா' என்று பெயரே உண்டு. 2008-ல் சில வீடுகளுக்கு வெளியூர் வேலைக்குப் போகப் பயணச் செலவாக 8.50 டாலர் மட்டும் கொடுத்தார்கள். கூடுதலாக 22 விழுக்காடு வீடுகளில் ஒருவர் கிளம்பினார், அந்த வீடுகளின் நுகர்வு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடியது. இதுவரை ஏன் போகவில்லை? வேலை கிடைக்காமல் திரும்பினால் அந்தப் பேருந்துக் கட்டணமே பட்டினி என்பதால். ஏழைக்கு ஒரு தோல்விக்குக்கூட இடமில்லை. அதே திட்டத்தைப் பெரிதாக்கியபோது பலன் வரவில்லை, 2019-ல் நிறுத்தினார்கள். நல்ல ஆய்வு முடிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நாடு முழுக்கப் போட வேண்டாம் என்பதற்கு இதையே நான் உதாரணமாகக் காட்டுவது வழக்கம்.

11. நல்ல ரோடு வந்தா ஊர் வளரும்னாங்க. ரோடு வந்துச்சு, என் கடைக்கு வர்ற ஆள்தான் குறைஞ்சுபோச்சு!

சாலைக்கு இரண்டு திசை உண்டு. உங்கள் சரக்கு வெளியே போகும் அதே வழியில் பெரிய ஊர்க் கடையின் சரக்கு உள்ளே வரும், உங்கள் வாடிக்கையாளரும் வெளியே போவார். இந்தியாவில் 2000-த்தில் தொடங்கிய கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்த ஆஷர், நோவோசாத் இருவரும் 2020-ல் எழுதியது: சாலை வந்த ஊர்களில் பலர் பண்ணை வேலையை விட்டு வெளிவேலைக்குப் போகத் தொடங்கினார்கள், விவசாய வருமானத்திலோ வீட்டுச் சொத்திலோ பெரிய மாற்றம் இல்லை. பிரசவ வலி வந்தால் சாலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதனால் சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அது ஒரு கதவு. வீட்டுக்குள் சரக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

12. ஊருக்குள்ள வர்ற காசு ஏன் ஊர்லயே நிக்கறதில்ல?

ஓட்டைப் பானை உவமையை எல்லோரும் சொல்வார்கள், கணக்குப் போட்டுப் பார்ப்பவர் குறைவு. ஒரு 100 ஊருக்குள் வருகிறது. கைக்கு வந்ததில் 80 விழுக்காட்டை ஒவ்வொருவரும் ஊருக்குள்ளேயே செலவு செய்தால், கைமாறிக் கைமாறி மொத்தம் 500-க்கு வியாபாரம் நடக்கும். 20 விழுக்காடுதான் உள்ளே என்றால் 125-இல் முடிந்துவிடும். வந்தது அதே 100. உரம், டீசல், கைப்பேசி, மருத்துவம், வட்டி ஆகியவற்றுக்குப் போவது முதல் கையிலேயே ஊரைத் தாண்டிவிடும். தையல்காரருக்கும் தச்சருக்கும் கொடுப்பது இன்னும் இரண்டு சுற்று ஓடும்.

கென்யாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் 10,000-க்கும் மேற்பட்ட ஏழை வீடுகளுக்குச் சுமார் 1,000 டாலர் நிபந்தனையின்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரப் பொருளாதாரம் சுமார் 2.5 டாலர் பெருகியது. விலைவாசி ஏறிவிடும் என்று பயந்தது நடக்கவில்லை. ஏற்றம் மிகச் சொற்பம். பணம் கிடைக்காத வீடுகளும் பயன் பெற்றன. சும்மா இருந்த தறிக்கும் கடைக்கும் கைக்கும் வேலை வந்தால் விலை ஏன் ஏற வேண்டும்?

13. காப்பீடு எடுத்தா பயமில்லைன்னு சொல்றாங்க, எங்காளுங்க ஏன் எடுக்க மாட்டேங்கறாங்க?

மழை அளவை வைத்து இழப்பீடு தரும் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மழைமானி ஓரிடத்தில், வயல் இன்னோரிடத்தில். மானியில் மழை பெய்திருக்கும், வயல் காய்ந்திருக்கும். கட்டிய பணமும் போய், பயிரும் போய், இழப்பீடும் வராது. ஒருமுறை இப்படி ஆனால் அந்த ஊரில் பத்து வருஷத்துக்குக் காப்பீடு என்ற சொல்லே எடுபடாது. நட்டத்தை வயலுக்கு வயல் அளக்கலாம் என்றால் செலவு தாங்காது. கூடவே, பிரிமியம் கேட்கும் மாதம் விதைப்பு மாதம், கை மிக வறண்டிருக்கும் மாதம்.

சொந்தபந்தம் கைகொடுக்காதா என்பார்கள். ஒருவர் வீட்டில் நோய் என்றால் கொடுக்கும். வறட்சி எல்லோர் வீட்டுக்கும் ஒரே நாளில் வருகிறது. வெளியூரில் ஒரு பிள்ளை இருப்பதுதான் இன்றும் பல வீடுகளுக்கு உண்மையான காப்பீடு. 10-ஆம் பதிலை இந்தக் கண்ணோடும் படியுங்கள்.

14. பொம்பளைங்க நாள் முழுக்க வேலை செய்யறோம். கணக்கெடுக்க வந்தவரு 'வேலை இல்லை'ன்னு எழுதிட்டுப் போறாரே?

அவர் மேல் தப்பில்லை, அவர் கையில் இருந்த படிவத்தின் தப்பு. 2013-ல் உலகத் தொழிலாளர் புள்ளியியல் மாநாடு 'வேலைவாய்ப்பு' என்பதைக் கூலிக்கோ லாபத்துக்கோ செய்யும் வேலை என்று சுருக்கியது. அதன்படி வீட்டுத் தேவைக்கே முழுதும் விளைவிப்பவர்கூட வேலையில் உள்ளவராக எண்ணப்பட மாட்டார். 'வேலை' தான், 'வேலைவாய்ப்பு' இல்லை. தண்ணீர் சுமப்பதும் மாடு பார்ப்பதும் வீட்டுக்கென்றால் அதே கதி. நியாயமான ஒரு நோக்கமும் அதில் இருந்தது: சம்பாத்தியம் இல்லாத உழைப்பைச் சம்பாத்தியமாகக் காட்டி ஏமாற்றக்கூடாது என்பது. ஆனால் திட்டம் போடுகிறவர் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து, இவர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது என்று பயிற்சி வகுப்பை மதியம் இரண்டு மணிக்கு வைப்பார்.

15. ஊர்ல பாதிப்பேர் கிழடுங்கதான். இனி இங்க பணம் போடறது வீண்தானே?

ஜப்பானில் இந்தக் கேள்வி முற்றிப்போய்விட்டது. பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைத் தாண்டிய ஊர்களுக்கு 'விளிம்பு ஊர்' என்ற பொருளில் ஒரு பெயரை 1991-ல் அகிரா ஓனோ என்ற சமூகவியலாளர் வைத்தார். ஆள் குறைந்தால் பள்ளி மூடும், பள்ளி மூடினால் குழந்தை உள்ள வீடு கிளம்பும், பேருந்து நிற்கும், கடை மூடும், கடைசியில் கிளம்ப முடியாதவர்கள் மட்டும் இருப்பார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று செலவைக் கணக்கிடும் எந்த முறையும் இந்தச் சரிவை வேகப்படுத்தும்.

எல்லா ஊரையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்பவர்களை நம்பவும் மாட்டேன். ஆனால் வளர்ச்சிக்குப் போடும் பணமும் வாழ்பவர்களுக்குச் சேரவேண்டிய பணமும் வேறு வேறு. எண்பது வயதுக்காரருக்கு மருத்துவர் வாரம் ஒருமுறை வருவதற்கு லாப நட்டக் கணக்கு எதற்கு?

16. இதெல்லாம் சரி, எங்க ஊர் நிலைமையை நாங்களே எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரு தாள் எடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஐந்து வீட்டுக்குப் போங்கள். அதில் இரண்டு நிலமில்லாத வீடாக இருக்கட்டும், ஒன்று பெண் ஒருவரே நடத்தும் வீடாக இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் கைக்கு எவ்வளவு வந்தது என்று மேலே, எவ்வளவு போனது என்று கீழே. ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அது யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு முன்னா பின்னா, பள்ளி திறந்த மாதமா என்று கேட்டால் தானாக நினைவுக்கு வரும். கடன் வாங்கிய மாதத்துக்கு ஒரு புள்ளி, விற்ற மாதத்துக்கு ஒரு சுழி, வெளியூர் போன மாதத்துக்கு ஒரு கோடு.

ஐந்து தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளியெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் மொய்த்திருக்கும், சுழியெல்லாம் ஒரே மாதத்தில் விழுந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணிக்கொண்டு, அந்தத் தாளோடு 3-ஆம் கேள்விக்குத் திரும்பி வாருங்கள்.